சோணையாறும் அணிலாடு முன்றிலும்

பாட்னாவிலிருந்து தெற்கே செல்லும் வண்டி முதலில் மேற்கு நோக்கியே புறப்படுகிறது. தானாப்பூரையும் பிஹ்டாவையும் கடந்து, ஆரா நகரை அடையுமுன், கோயில்வர் என்னுமிடத்தில் சோன் ஆற்றைத் தாண்டுகிறது. 1862ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இரும்புப் பாலம் அது. மேலே ரயில், கீழே சாலை. ஊருக்குப் போகும் நம் குடும்பங்கள், வண்டி அப்பாலத்தின்மேல் இரைந்து செல்லும்போது, பெட்டிகளை இருக்கைக்கு அடியில் தள்ளுவதிலும் குழந்தைகளைச் சன்னலிலிருந்து இழுத்து உட்கார வைப்பதிலுமே கருத்தாயிருப்பது வழக்கம். நானும் பத்து ஆண்டுகள் அப்படித்தான் கடந்து சென்றேன். ரயில்வே குமாஸ்தாவுக்குப் பாலம் என்றால் ஒரு கிலோமீட்டர் எண். ஆறு என்றால் வேகக் கட்டுப்பாடு. அந்த ஆற்றின் பெயர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ்ச் செய்யுளில் இருந்து வருகிறது என்பதை நான் அறியவில்லை.

அறிவித்தது குறுந்தொகை. நம் சங்கத்து நூலக அலமாரியில், யாரும் எடுக்காததால் அட்டை கெடாதிருந்த ஒரு பிரதி. அதன் 75ஆம் பாட்டு படுமரத்து மோசிகீரனார் என்பவர் பாடியது. பிரிந்து சென்ற தலைவன் திரும்பி வருகின்றான் என்று ஒருவன் வந்து சொல்கிறான். தலைவி உடனே மகிழ்ந்துவிடவில்லை. நீ உன் கண்ணால் கண்டாயா, கண்டவர் சொல்லக் கேட்டாயா, யார் வாயிலாகக் கேட்டாய் என்று வினவுகிறாள். உண்மையைச் சொன்னால் அவனுக்கு ஒரு பெரும் பரிசு கிடைக்கவேண்டும் என்று வாழ்த்துகிறாள். அந்தப் பரிசு என்ன தெரியுமா? யானைகள் நீராடும் சோணையாற்றின் கரையில் பொன் நிறைந்து விளங்கும் பாடலி நகரம்! அன்பர்களே, சோணை என்பது நம் சோன். பாடலி என்பது நாம் மளிகைச் சாமான் வாங்கும் இதே பாட்னா. தமிழ்நாட்டின் ஏதோ ஒரு சிற்றூரில் இருந்த பெண்ணுக்கு, உலகிலுள்ள செல்வத்தையெல்லாம் ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமென்றால் நினைவுக்கு வந்தது இந்த ஊர். இன்று அந்த ஆற்றில் யானைகள் இல்லை. மணல் ஏற்றும் படகுகள் உண்டு. கரையெங்கும் லாரிகள் உண்டு. பொன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. மாதக் கடைசியில் நம் வீடுகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இதைப் படித்த பின்னர்தான் ஏனைய தொகைகளையும் தேடலானேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். புலவர் பட்டம் பெற்றவனல்லன். உரையின் துணையின்றி இரண்டு அடிகூட எனக்கு ஓடாது. ஆயினும், இப்பாடல்கள் பண்டிதர்களுக்கு மட்டுமே உரியவை என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நமக்குள் இருக்கிறதே, அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இவை முதன்மையாகப் பிரிந்து வாழ்ந்தவர்களின் பாடல்கள். அகநானூற்றை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 400 பாட்டுகளை அடுக்கிய முறை எந்த அலுவலகக் கணக்கரையும் வியக்க வைக்கும். 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சி; 4 என முடிவன முல்லை; 6 என முடிவன மருதம்; 10, 20 எனப் பத்துப் பத்தாக வருவன நெய்தல். ஒற்றைப்படை எண்கள் யாவும் பாலை. ஆகவே எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். பாலைக்குரிய பொருள் பிரிவு. 400 பாட்டில் 200 பாட்டு பிரிவுக்கே போய்விட்டது. மலையும் காடும் வயலும் கடலும் சேர்ந்து மற்றப் பாதியைப் பங்கிட்டுக்கொண்டன.

அந்தப் பிரிவுக்குப் பெரும்பாலும் காரணம் போரன்று, பொருள் தேடல். வீட்டில் இருப்பது போதவில்லை. வேங்கட மலைக்கும் அப்பால், வேற்று மொழி பேசும் நாட்டுக்குத் தலைவன் போகிறான். மாமூலனார் என்னும் புலவர் இப்பொருளைப் பலமுறை பாடியவர். அகநானூற்று 265ஆம் பாட்டில் அவர் வைத்த கேள்வி நெஞ்சில் தைப்பது. தலைவன் திரும்பவில்லை, நாட்கள் நீள்கின்றன. அவர் தேடிப் போனது என்ன, பாடலியில் நந்தர்கள் கங்கை நீருக்கடியில் மறைத்து வைத்தார்களே, அந்தப் பெருநிதியோ என்று தலைவி கேட்கிறாள். கோபமும் ஏளனமும் கண்ணீரும் ஒன்றாகக் கலந்த கேள்வி. இதே ஊரில் உட்கார்ந்துகொண்டு இதனைப் படிக்கும் ஒருவனுக்கு எப்படியிருக்கும்! என் மேசைமேல் அப்போது பார்சல் ரசீதுகள் கிடந்தன.

அதே மாமூலனார் குறுந்தொகையின் 11ஆம் பாட்டில் இன்னொரு பெண்ணைக் காட்டுகிறார். வளை கழல, உறக்கமின்றி அழுதுகொண்டு இங்கேயே கிடப்பதிலிருந்து தப்புவோம், எழு என்று தன் நெஞ்சை எழுப்புகிறாள். அவர் இருப்பது வேற்று மொழி நாடாயினும், அங்கேயே போவதென்று துணிகிறாள். உரைகாரர்கள் இதனை ஆற்றாமையின் மிகுதி என்று கூறுவர். எனக்கு அது மட்டுமாகத் தோன்றவில்லை. நம் சங்கத்துப் பெண்டிர் பலர் செய்தது இதுதானே? மணமான மூன்றாம் மாதம், இந்தி எழுத்து ஒன்றும் தெரியாமல், இரண்டு இரவு இரண்டு பகல் வண்டியில் வந்து இறங்கியவர்கள் அவர்கள். காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டி விலை பேசி, ஆறு மாதத்தில் அவன் மொழியிலேயே அவனைத் திருத்தத் தொடங்கியவர்கள். அவர்களுடைய துணிவை இந்த ஒரு பாட்டு முன்னமே அறிந்திருக்கிறது.

இயற்கையைப் பற்றி ஒரு சொல். பூவும் மழையும் பறவையும் இப்பாடல்களில் வெறும் அழகுக்காக வருவதில்லை. அவை நாட்காட்டியாக வருகின்றன. கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போகிறான். கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. அப்போது ஒரு பாட்டில் தோழி, அறிவில்லாத இந்தக் கொன்றை, காலமல்லாத மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டது என்று பொய்யாகத் தேற்றுகிறாள். வேறொரு பாட்டில் தலைவியே, கொன்றை சொன்னாலும் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள். குறுந்தொகையின் 66, 21ஆம் பாட்டுகள் இவை. மரத்தின்மேல் பழி போட்டு மனிதனைக் காப்பாற்றும் அந்தப் பேதைமைக்கு ஈடான அன்பை நான் வேறெங்கும் படித்ததில்லை. இங்கே நம் ரயில்வே குடியிருப்புச் சாலையிலும் சரக்கொன்றை நிற்கிறது, அமல்தாஸ் என்கிறார்கள். மே மாதத்தில் பூத்துத் தொங்கும்போது, பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோமா இல்லையா என்ற பேச்சு எல்லா வீடுகளிலும் எழும். பூ நமக்கும் நாள் சொல்லத்தான் செய்கிறது.

காக்கையும் அப்படியே. வாசலில் காக்கை கரைந்தால் விருந்து வரும் என்று நம் பாட்டிமார் சொல்வர். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் பிகார்க் குடும்பத்துப் பெரியம்மாவும் அதையே சொல்கிறார். குறுந்தொகை 210ஆம் பாட்டில் தோழி, தலைவன் திரும்பி வந்ததற்குத் தன்னைப் பாராட்ட வேண்டாம், வரவைக் கரைந்து சொன்ன காக்கைக்கே நெய்யும் தொண்டிச் சோறும் ஏழு கலத்தில் வைத்தாலும் போதாது என்கிறாள். பாடியவர் நச்செள்ளையார் என்னும் பெண்பாற் புலவர். அந்தக் காக்கையாலேயே அவருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் நிலைத்தது.

இனி, எழுதினவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைக் குறுந்தொகையில் கட்டிப்போட்டது அதுதான். இத்தொகைகளில் மன்னர் உண்டு, அரசவைப் பெரும்புலவர் உண்டு. ஆனால் பெயர்ப் பட்டியலைச் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரைக் கணக்காயனார், மதுரைப் பெருங்கொல்லன் என்று தொழிலே பெயராக நிற்பவர்கள் எத்தனை பேர்! பகலெல்லாம் நாழியும் முழக்கோலும் சம்மட்டியும் பிடித்த கைகள். அவர்கள் எந்த நேரத்தில் எழுதினார்களோ! இரவு வேலை முடிந்து வந்து இப்பத்திரிகைக்குக் கட்டுரை எழுதும் நம் அன்பர்கள் சிலரை எனக்குத் தெரியும். நானும் முன்பு சில வெண்பாக்கள் எழுதி வெளியிட்டேன். தளை தட்டவில்லை என்பதொன்றே அவற்றின் சிறப்பு. இந்தக் கொல்லரையும் வணிகரையும் படித்த பிறகு ஓராண்டு எழுதாமல் இருந்தேன், வெட்கம்.

தொழிற்பெயராவது மிஞ்சியவர்கள் பாக்கியசாலிகள். வேறு சிலருக்குச் சொந்தப் பெயரே மறைந்துவிட்டது. தொகுத்தவர்களுக்குப் பாட்டு கிடைத்தது; பாடியவர் யாரென்று தெரியவில்லை. என்ன செய்தார்கள்? அந்தப் பாட்டில் அவர் கண்டு சொன்ன ஒரு பொருளையே அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், குப்பைக்கோழியார், கல்பொரு சிறுநுரையார், ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார். தாய் தந்தையர் வைத்த பெயர் போயிற்று, ஊர் போயிற்று, கண்ட காட்சி ஒன்றே ஆளாகி நிற்கிறது.

இவர்களுள் செம்புலப்பெயனீரார் யாவரும் அறிந்தவர். திருமண வாழ்த்திதழ்களில் அவர் பாட்டு இல்லாத இதழ் குறைவு. செந்நிலத்தில் விழுந்த மழைநீர்போல இரு நெஞ்சங்கள் கலந்தன என்ற அவ்வுவமை சிறந்ததே. ஆயினும், அதையே திரும்பத் திரும்ப அச்சிட்டு, அடுத்த பாட்டைப் புரட்டாமல் விடுவது நம் சோம்பல். அடுத்த பாட்டு, 41ஆவது, அணிலாடு முன்றிலாருடையது. அதற்கு வருமுன் வேறு இருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நற்றிணையின் 284ஆம் பாட்டைப் பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். பொருள் தேடப் போன தலைவன் பாதி வழியில் நிற்கிறான். திரும்பிப் போ, அவள் துயரத்தைத் தீர் என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையை முடிக்காமல் திரும்பினால் இகழ்ச்சி, பொறு என்கிறது அறிவு. இரண்டு யானைகள் இரு முனையிலும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அழிந்துபோகுமோ என்கிறான். புதுக்கயிறு என்றால் தாங்கும். இது ஏற்கனவே புரி தேய்ந்தது. அந்தத் தேய்ந்த புரியைக் கண்ட கண்தான் கவியின் கண். வேலை உயர்வுக்கு இங்கேயே இருப்பதா, ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்பதா என்று விண்ணப்பத்தை எழுதி எழுதிக் கிழித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு உரை வேண்டியதில்லை.

ஓரேருழவனார் குறுந்தொகை 131இல் திரும்பி வருகிறவனைப் பாடினார். அவள் ஊர் நெடுந்தொலைவில் இருக்கிறது. மழை பெய்து நிலம் பதமாயிருக்கிறது. உழவனிடம் இருப்பது ஒரே ஏர். அவன் எப்படி விரைவானோ அப்படி என் நெஞ்சு விரைகிறது என்கிறான். உழவு தெரிந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஈரம் நமக்காகக் காத்திராது. நான்கு ஏர் உள்ளவன் நிதானமாக இருக்கலாம். ஒற்றை ஏர்க்காரனுக்கு ஒவ்வொரு நாழிகையும் பொன். நமக்குக் கிடைக்கும் பதினைந்து நாள் விடுமுறை அந்த ஈரந்தான். அதற்குள் தங்கையின் வளைகாப்பு, நிலத்தின் குத்தகைக் கணக்கு, குழந்தைக்குக் காது குத்தல், குலதெய்வத்துக்குப் பொங்கல், அம்மாவின் கண் மருத்துவர். வண்டி இடார்சியில் அரை மணி தாமதித்தால் உள்ளம் துடிக்கிறது. ரயில்வேக்காரனான நானே நிலைய அதிகாரியைச் சபிக்கிறேன்.

இப்போது 41ஆம் பாட்டு. காதலர் உடனிருந்தால் விழாக் கொண்ட ஊர்போல மகிழ்வேன் என்று சொல்லும் தலைவி, அவர் பிரிந்தால் எப்படியிருப்பேன் என்பதற்கு ஒரு வீட்டைக் காட்டுகிறாள். பாலை வழியிலுள்ள ஒரு சிறு குடியிருப்பு. மக்கள் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். முன்வாசலில் அணில் விளையாடுகிறது. அவ்வளவுதான். பாழடைந்த சுவரில்லை, பேயில்லை, ஆந்தையில்லை. ஓர் அணில். மனிதர் இருந்தால் அது வாசலுக்கு நடுவே வராது. கூரையோரமாய் ஓடி மறையும். அச்சமில்லாமல் நடுவாசலில் அது ஓடித் திரிகிறது என்றால், அங்கே யாரும் இல்லை என்று பொருள். இல்லாமற்போய் நாளாகிவிட்டது என்று பொருள்.

முதலில் படித்தபோது இதை நல்ல உவமை என்று குறித்துக்கொண்டேன். அவ்வளவே. என் ஊர் குடமுருட்டி ஆற்றங்கரையில் உள்ளது. தந்தையார் முன்பே காலமாகிவிட்டார். அம்மா இங்கு வந்து ஒரு குளிர்காலம் இருந்து பார்த்து, இந்தக் குளிரில் என்னால் ஆகாது தம்பி என்று திரும்பிவிட்டார். ஒவ்வொரு தடவையும் தொலைபேசியில், தைக்கு வருகிறேன் என்று சொல்வேன். ஒரு தை போயிற்று, மகளுக்குத் தேர்வு. மறு தை போயிற்று. வேலைக்கு ஆள் பற்றாக்குறை. ஒருமுறையும் அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. விடுமுறை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அவராகவே அண்டை வீட்டாருக்குக் காரணம் சொல்வாராம். கொன்றையின்மேல் பழி போட்ட தோழியைப்பற்றி மேலே எழுதினேனே, அதை எழுதும்போது என் கை சிறிது நின்றது.

அவர் மறைந்தபோது வண்டி பிடித்துப் போய்ச் சேர மூன்றாம் நாளாயிற்று. காரியங்கள் முடிந்து, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். ஓராண்டு கழித்து, வரி கட்டுவதற்காகத் தனியே போனேன். நடுப்பகல். வாசல் படலைத் திறந்தபோது, அம்மா நெல் காயவைக்கும் இடத்தில் ஓர் அணில் இருந்தது. என்னைப் பார்த்தது, ஓடவில்லை. இரண்டு கால்களில் நிமிர்ந்து, யார் நீ என்பதுபோல் பார்த்துவிட்டு, மறுபடியும் எதையோ கொறிக்கத் தொடங்கியது. நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். பெயர் தெரியாத அந்தப் புலவர், எந்த நூற்றாண்டிலோ, இப்படி ஒரு வாசலில் நின்றிருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த அணில் அவருக்கு வந்திருக்காது.

அன்று மாலை ஆற்றங்கரைக்குப் போனேன். புறநானூற்று 243ஆம் பாட்டில் ஒரு முதியவர் பேசுகிறார். தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவர் ஊன்றிய தடியின் பெயரே அவருக்கும் பெயர். மருத மரத்தின் கிளையேறி, கரையில் நிற்பவர் திகைக்க, மடுவில் துடுமெனக் குதித்து, ஆழத்திலிருந்து மணலை அள்ளி வந்து காட்டிய இளமை எங்கே போயிற்று என்று இரங்குகிறார். இப்போது கையில் தடி, சொல்லுக்கிடையே இருமல். குடமுருட்டியில் நாங்களும் அப்படிக் குதித்து மணல் காட்டியதுண்டு. அடியைத் தொட்டாயா என்று கரையில் நிற்பவன் கேட்பான். கைநிறைய மணல்தான் சாட்சி. வயது முப்பதுகளில் இருக்கும்போதே இந்தப் பாட்டு இவ்வளவு நெருக்கமாயிருக்கிறதே என்பது எனக்குச் சிறிது அச்சமாகத்தான் இருக்கிறது.

இப்பாடல்களும் ஒரு காலத்தில் பூட்டிய வீடாகத்தான் கிடந்தன. ஏடுகளாக மடங்களிலும் வீடுகளிலும் செல்லரித்துக் கிடந்தவற்றைத் தேடி எடுத்து, 1894இல் புறநானூற்றை அச்சிட்டவர் உ. வே. சாமிநாதையர். குறுந்தொகையை முதலில் 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் வெளியிட்டார். அதற்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய பழைய உரை கிடைக்கவில்லை. சாமிநாதையர் தாமே விரிவான உரை எழுதி 1937இல் வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

அந்த 1937ஆம் ஆண்டுப் பதிப்பு பின்னர் ஒரு விந்தை செய்தது. மைசூரில் 1929இல் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தவர் ஏ. கே. ராமானுஜன். நம் பிள்ளைகளைப் போலவே வெளியூரில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பழந்தமிழ் அவர் கற்றதில்லை. 1962இல் அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற புதிதில், நூலகத்தின் நிலவறையில் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, சாமிநாதையரின் குறுந்தொகை அவர் கையில் அகப்பட்டது. 1967இல் அதிலிருந்து தேர்ந்த பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். செம்புலப்பெயனீராரின் பாட்டு அவர் மொழிபெயர்ப்பில் லண்டன் பாதாள ரயில் பெட்டிகளில், பயணிகள் படிப்பதற்காக ஒட்டப்பெற்றது. நம் நாட்டு ரயில் பெட்டிகளில் எச்சரிக்கை வாசகங்களும் விளம்பரங்களும் மட்டுமே காண்கிறேன். இது ஒரு குமாஸ்தாவின் ஆதங்கம், மேலிடத்தார் மன்னிக்க.

சென்ற ஞாயிறன்று என் மகள் பின்புறத்துக் கொய்யாமரத்தைக் காட்டி, "அப்பா, கிலஹரி!" என்று கூவினாள். அது நம் மொழியில் அணில் என்றேன். தெரியும், பாடப்புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் இது கிலஹரி என்றாள். அவளை அருகில் உட்கார வைத்து, அணிலாடு முன்றிலாரின் பாட்டை எளிய சொற்களில் சொன்னேன். முன்றில் என்றால் வாசல் என்றேன். தாத்தா வீட்டு வாசலைப்போல என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டில் இருந்தவர்கள் எங்கே போனார்கள், அப்பா?"

"பாட்டில் சொல்லவில்லை, அம்மா."

"பாட்னாவுக்கு வந்துவிட்டார்களா?"

இருக்கலாம் என்றேன்.